வெளிச்சத்தைத் தின்னும் வண்ணம்

2024-ஆம் ஆண்டில் ஏழு மாதங்களுக்குள் மூன்று நிறுவனங்கள் அடுத்தடுத்து வண்ண இ-ரீடர்களை அறிவித்தன. ஏப்ரலில் கனடாவின் கோபோ, ‘லிப்ரா கலர்’, ‘கிளாரா கலர்’ என இரண்டு கருவிகளைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் நார்வேயின் ரிமார்க்கபிள் நிறுவனம், எழுதவும் படிக்கவும் ஏற்ற ‘பேப்பர் புரோ’வை வெளியிட்டது. அக்டோபரில் அமேசான், முதல் கிண்டில் வந்து பதினேழு ஆண்டுகள் நிறையப்போகும் நேரத்தில், ‘கிண்டில் கலர்சாஃப்ட்’டை இறக்கியது. விலை 150 டாலரில் தொடங்கி 580 டாலர் வரை போனது.

இதில் எதை வாங்குவது என்று கேட்பவருக்கு முதலில் கிடைப்பது எண்களின் பட்டியல்தான். இத்தனை ஆயிரம் நிறம், அங்குலத்துக்கு இத்தனை புள்ளி, இத்தனை ஜிபி. அந்தப் பட்டியலை மனப்பாடமே செய்தாலும் விடை கிடைக்காது. ஒரே அட்டைப்படம் ஒரு கருவியில் வெளிறியும் இன்னொன்றில் அழுத்தமாகவும் தெரிவது ஏன்? வண்ணத் திரையில் வெள்ளைப் பக்கம் சாம்பல் பூத்தாற்போல் இருப்பது ஏன்? சில கருவிகள் பக்கம் மாற்றும்போது தயங்குவது ஏன்? இவற்றுக்கெல்லாம் காரணம் அரை நூற்றாண்டு வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டவருக்குக் கடையில் தடுமாற்றம் பாதியாகக் குறையும்.

கைபேசித் திரை தானாக ஒளிர்கிறது. சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பு ஒளியை உண்டாக்கி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. இ-ரீடரின் திரையான மின்தாளுக்கு அந்த வசதி இல்லை. சன்னல் வழியே வரும் வெயிலோ, மேசை விளக்கோ, கருவியின் விளிம்பில் பதித்த முன்விளக்கோ, மேலிருந்து விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது மட்டுமே அதற்குத் தெரியும். வெயிலில் படிக்க முடிவதும் கண் சோராமல் இருப்பதும் ஒரு சார்ஜில் வாரக்கணக்கில் ஓடுவதும் இந்தக் குணத்தால் வந்தவை. வண்ணம் என்று வரும்போது அதே குணம் தடையாகிறது. வெள்ளை ஒளியிலிருந்து மற்ற நிறங்களைக் கழித்தால்தான் ஒரு நிறம் பிறக்கும். கழிக்கக் கழிக்கப் பக்கம் இருளும். ஏற்கெனவே கொஞ்சமாக இருக்கும் வெளிச்சத்தில் எவ்வளவைப் பறிகொடுக்கலாம் என்பதுதான் இத்துறையில் இறங்கிய ஒவ்வொருவரும் எதிர்கொண்ட கேள்வி.

மின்தாளின் வேர் 1970-களில் இருக்கிறது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் இசாவோ ஓட்டா, சாயம் கலந்த திரவத்தில் நுண்துகள்களை மிதக்கவிட்டு மின்னழுத்தத்தால் மேலும் கீழும் நகர்த்தி எழுத்தைக் காட்டினார். அதே பத்தாண்டில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் நிக் ஷெரிடன், ஒருபாதி கறுப்பும் மறுபாதி வெள்ளையுமான குறுமணிகளைச் செய்தார். மின்புலம் மாறும்போது மணிகள் உருண்டு முகம் மாற்றும். எழுத்து தோன்றும், மறையும். ‘கைரிகான்’ என்று அதற்குப் பெயர். அங்கே உருவான ஆல்ட்டோ கணினியின் மங்கலான திரைக்கு மாற்றாக ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கிய வேலை அது. ஜெராக்ஸின் தொழிலோ காகிதத்தை நம்பி நடந்தது. கைரிகான் நெடுங்காலம் கிடப்பில் கிடந்து, பிறகு கடைப் பலகைகளுக்கான தனி நிறுவனமாக வெளியே வந்து, 2005-இல் மூடப்பட்டது.

அதற்குள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வேறொரு குழு முந்திவிட்டது. எம்.ஐ.டி.யின் மீடியா லேபில் ஜோசஃப் ஜேக்கப்சன், தன் பக்கங்களைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு புத்தகத்தைச் செய்ய நினைத்தார். அந்த வேலைக்கு அவர் சேர்த்துக்கொண்ட இருவரும் இளங்கலை மாணவர்கள்: ஜே.டி. ஆல்பர்ட், பாரெட் கோமிஸ்கி. பழைய ஜப்பானியத் திரைகளில் இருந்த பெரிய குறை, துகள்கள் நாளடைவில் ஒரு பக்கமாகத் திரண்டு கட்டிக்கொள்வது. இவர்கள் அந்தத் திரவத்தை மொத்தமாக ஒரே தொட்டியில் வைக்காமல், தலைமுடியின் தடிமனே உள்ள கோடிக்கணக்கான நுண்குமிழிகளில் அடைத்தார்கள். துகள்கள் தத்தம் குமிழிக்குள்ளேயே அலைந்தன, ஒன்றாகத் திரளவில்லை. 1997-இல் இ-இங்க் நிறுவனம் தொடங்கியது. 1998-இல் ‘நேச்சர்’ இதழில் அவர்களின் கட்டுரை வெளிவந்தது. இன்று நம் கையில் இருக்கும் கறுப்பு வெள்ளை இ-ரீடரின் குமிழிகளில் வெள்ளைத் துகளாக இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டிலும் இருப்பது அதுவே.

முதல் கருவியை விற்றது சோனி. 2004-இல் ஜப்பானில் வெளியான ‘லிப்ரியே’வின் திரை அக்காலத்துக்கு அற்புதம். விற்பனை விதிதான் விபரீதம்: வாங்கிய புத்தகம் 60 நாளில் காலாவதியாகிவிடும். புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பல ஆண்டு கழித்து மறுபடி எடுக்கிற மனிதர்களிடம் இந்த விதியோடு போனால் என்ன நடக்குமோ அது நடந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2007 நவம்பரில், அமேசான் 399 டாலருக்குக் கிண்டிலை விற்கத் தொடங்கியபோது திரையில் நான்கே சாம்பல் அடுக்குகள் இருந்தன. ஆனால் கம்பியில்லா இணைப்பில் நொடிகளில் புத்தகம் வந்து இறங்கியது. அதுவே போதுமானதாக இருந்தது. தமிழ்ப் புத்தகங்கள் அங்கே முறையாகச் சேர 2016 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு தமிழுக்கும் அந்த ஆண்டு கிண்டில் இடம் கொடுத்தது.

இடையில் 2009-இல் நடந்த ஒரு விற்பனை கவனத்துக்குரியது. அமெரிக்காவின் இ-இங்க்கைத் தைவானின் பிரைம் வியூ இன்டர்நேஷனல் வாங்கியது. பிறகு தன் பெயரையும் இ-இங்க் என்றே மாற்றிக்கொண்டது. அந்தத் தைவான் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் யுவென் ஃபூங் யு குழுமத்தினர். அவர்களின் பரம்பரைத் தொழில் காகிதம் செய்வது. ஜெராக்ஸ் கைவிட்டதைக் காகிதக்காரர் குடும்பம் ஒன்று கையிலெடுத்தது.

கறுப்பு வெள்ளை வென்ற அந்தத் தருணத்திலேயே எல்லாரும் வண்ணத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பத்திரிகை, பாடநூல், குழந்தைகள் கதை, காமிக்ஸ் எல்லாம் வண்ணத்தில் இருக்கும்போது, நாவல் மட்டும் படிக்கும் கருவி பாதிச் சந்தையைத்தான் தொடும். 2009-க்கும் 2013-க்கும் இடையே நான்கு வெவ்வேறு வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் வெளிச்சத்தோடு ஒரு பேரம்.

முதலில் வந்தது ஃபுஜிட்சுவின் ‘ஃப்ளெபியா’. 2009 மார்ச்சில் ஜப்பானில் 99,750 யென்னுக்கு விற்பனைக்கு வந்த இந்த எட்டு அங்குலக் கருவியில் மூன்று திரவப் படிகத் திரைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் அடுக்கும் ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். 2,60,000 நிறங்கள் கிடைத்தன. ஆனால் அத்தனை நிறங்களோடு ஒரு பக்கம் வந்து முடிய எட்டு நொடி ஆனது. அவசரம் என்றால் 64 நிறத்தோடு 1.8 நொடியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாவலுக்கு முந்நூறு பக்கம் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்ததே. நிறத்துக்காக நேரத்தைக் கொடுத்த கருவி அது.

இரண்டாவது வழியை இ-இங்க் நிறுவனமே எடுத்தது. ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் போட்ட மெல்லிய வடிகட்டி ஒன்றை ஒட்டிவிடுவது. சிவப்பு வேண்டுமானால் சிவப்புக் கட்டத்தின் கீழே வெள்ளைத் துகள் எழும்ப, மற்றவற்றின் கீழே கறுப்பு நிற்கும். யோசனை எளிது, செலவு குறைவு, வேகமும் கெடாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். ஒவ்வொரு கட்டமும் விழுகிற ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விட்டு மீதியை விழுங்குகிறது. ஆகவே முழு வெள்ளைப் பக்கம்கூட மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தோடுதான் தெரியும். முழுச் சிவப்பு என்றால் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வேலை செய்யும். அதுவும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அனுப்பும். மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. காகிதத்தில் அடித்த சிவப்போடு ஒப்பிட்டால் மும்மடங்கு மங்கல். இதைச் சரிக்கட்ட வடிகட்டியின் சாயத்தை வெளிறச் செய்தால் பக்கம் வெளுக்கும், நிறமும் சேர்ந்து வெளுக்கும். நிறத்தை அழுத்தினால் பக்கம் இருளும். இந்த ஊசலாட்டம் இன்றைக்கும் தீரவில்லை.

‘டிரைட்டான்’ என்ற அந்தத் திரையோடு 2010 நவம்பரில் சீனாவின் ஹான்வான் தன் வண்ணப் படிப்பானைத் தோக்கியோ கண்காட்சியில் காட்டியது. 2012-இல் எக்டாக்கோ நிறுவனம் பள்ளிகளைக் குறிவைத்து 9.7 அங்குல ‘ஜெட்புக் கலர்’ ஒன்றை 499 டாலருக்கு விற்றது. 2013-இல் பாக்கெட்புக், ‘கலர் லக்ஸ்’ கொண்டுவந்தது. மூன்றிலும் நிறம் இருந்தது என்று சொல்லலாம். பல முறை துவைத்த துணியில் நிறம் இருப்பதைப்போல. உலகப்படத்தில் நாடுகளைப் பிரித்தறியலாம், ஓவியத்தை ரசிக்க முடியாது.

மூன்றாவது வழி அழகானது. குவால்காம் நிறுவனத்தின் ‘மிராசோல்’ திரையில் சாயமே கிடையாது. மார்ஃபோ என்ற தென்னமெரிக்கப் பட்டாம்பூச்சியின் இறகில் நீலச் சாயம் இல்லை. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளியலைகள் ஒன்றோடொன்று மோதிக் கலக்கும்போது நீலம் பிறக்கிறது. அதே தத்துவத்தில், கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை மின்சாரத்தால் திறந்து மூடும் நுண்தகடுகளைச் செய்தார்கள். படம் காணொளி வேகத்தில் ஓடியது. 2011 நவம்பரில் தென்கொரியாவின் பெரிய புத்தகக் கடையான கியோபோ இந்தத் திரையோடு 5.7 அங்குல இ-ரீடரை வெளியிட்டது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2012 ஜூலையில் குவால்காம், தான் திரை தயாரிப்பதைக் குறைத்துக்கொண்டு தொழில்நுட்பத்தை உரிமம் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டது. இயற்பியல் ஒத்துழைத்தாலும் தொழிற்சாலை ஒத்துழைக்காவிட்டால் ஒரு திரை பிழைக்காது. இத்தனை நுணுக்கமான தகடுகளைக் குறைந்த செலவில், பழுதில்லாமல், இலட்சக்கணக்கில் செய்வது வேறு வித்தை.

நான்காவது, எண்ணெயும் நீரும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு துளி வண்ண எண்ணெய் பரவிக் கிடக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் எண்ணெய் மூலைக்குச் சுருண்டு அடியில் உள்ள வெள்ளை தெரியும். பிலிப்ஸ் நிறுவனத்தில் ராபர்ட் ஹேய்ஸும் யோஹான் ஃபீன்ஸ்ட்ராவும் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். 2006-இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் ‘லிக்குவாவிஸ்டா’ என்ற நிறுவனம் பிறந்தது. சாம்சங் அதை வாங்கியது. 2013-இல் சாம்சங்கிடமிருந்து அமேசான் வாங்கியது. வண்ணக் கிண்டில் இதிலிருந்துதான் வரும் என்று பலரும் நம்பினார்கள். 2018-இல் அமேசான் அந்தக் கடையைச் சாத்தியது. ஒரு கருவிகூட வெளிவரவில்லை.

இவர்கள் இப்படிப் போராடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வாசகர்கள் காத்திருக்கவில்லை. 2010 ஏப்ரலில் ஐபேட் வந்தது. அதே ஆண்டு பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடை ‘நூக் கலர்’ என்று 249 டாலருக்கு ஒன்றை விற்றது; பெயரில் இ-ரீடர், உள்ளே ஒளிரும் எல்சிடி. 2011-இல் அமேசானே ‘கிண்டில் ஃபயர்’ என்று 199 டாலருக்கு ஒரு டேப்லெட்டைக் கொடுத்தது. காமிக்ஸும் குழந்தைக் கதைகளும் பத்திரிகைகளும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. வண்ண மின்தாளுக்கு வாங்குவோர் இல்லை. 2013-க்குப் பிறகு ஏழாண்டுக் காலம் இந்தத் துறையில் பெரிதாக எதுவும் கடைக்கு வரவில்லை.

தொழில் சாகாமல் காத்தது பல்பொருள் அங்காடி. காய்கறித் தட்டுக்கும் சோப்பு வரிசைக்கும் மேலே விலை காட்டும் சின்னஞ்சிறு மின் அட்டைகளுக்கு மின்தாள் கச்சிதமாகப் பொருந்தியது. தள்ளுபடி விலையைச் சிவப்பில் காட்ட வேண்டும் என்பது கடைக்காரர்களின் தேவை. அதற்காகக் கறுப்பு, வெள்ளையோடு மூன்றாவதாகச் சிவப்புத் துகளையும் ஒரே கிண்ணத்தில் போட்டு, வெவ்வேறு அழுத்தத்தால் தேவையானதை மட்டும் மேலெழுப்பும் வித்தையைக் கற்றார்கள். விலை அட்டை ஒரு நாளில் ஓரிரு முறைதான் மாறும். பல நொடி ஆனாலும் கேட்பாரில்லை. அவசரமில்லாத அந்த வேலையில் பழகிய கை பிறகு புத்தகத்துக்கு உதவியது. இ-இங்க் 2012-இல் சிபிக்ஸ் என்ற போட்டி நிறுவனத்தை வாங்கியபோது கிடைத்த நுண்கிண்ண அமைப்பும் இங்கே கைகொடுத்தது. குமிழிகளைத் தூவுவதற்குப் பதிலாக, வரிசையாக அச்சிட்ட கிண்ணங்களில் சாயத்தை நிரப்பி மூடுவது அம்முறை.

2016-இல் இந்தப் பல சாயத்துகள் முறையின் முழு வடிவம் வெளியே வந்தது. ஒவ்வொரு கிண்ணத்திலும் சியான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய சாயத்துகள்கள், கூடவே வெள்ளை. ஆஃப்செட் அச்சில் காலண்டர் அடிப்பவர்களுக்கு இந்த நிறப் பெயர்கள் அத்துப்படி. அச்சு மை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே இடத்தில் எல்லா நிறத்தையும் தருகிறது. வடிகட்டியைப்போல் பரப்பைப் பங்கு போடுவதில்லை. இந்தத் திரையும் அப்படியே. எந்தச் சாயம் வெள்ளைக்கு மேலே நிற்கிறது, எது கீழே ஒளிகிறது என்பதை வைத்து ஒவ்வொரு புள்ளியும் தனக்கு வேண்டிய நிறத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வெளிச்சம் வீணாவதில்லை. பதிலுக்கு இழந்தது வேகம். நான்கு வகைத் துகள்களை மின்சாரத்தால் வரிசைப்படுத்த, அழுத்தத்தை முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். ‘கேலரி’ என்ற பெயரில் விற்ற முதல் தலைமுறைத் திரையில் ஒரு வண்ணப் பக்கம் மாறப் பத்து நொடி பிடித்தது. கடைப் பலகைக்குச் சரி. கதைக்கு ஆகாது.

அந்தப் பழைய வடிகட்டி வழி இதற்குள் மறுபிறவி எடுத்திருந்தது. 2020-இல் வந்த ‘கலைடோ’ திரையில் வடிகட்டியைத் தனிக் கண்ணாடியில் செய்து ஒட்டாமல், மைப் படலத்துக்கு மிக அருகே நேராக அச்சிட்டார்கள். ஒளி ஒரு நிறக் கட்டத்தில் நுழைந்து பக்கத்துக் கட்டம் வழியே வெளியேறி நிறத்தைக் கலைப்பது குறைந்தது. முன்விளக்கும் இப்போது வழக்கமாகிவிட்டது. 2010-இல் இருந்த மங்கலை ஓரளவு அது ஈடுகட்டியது. பாக்கெட்புக்கும் சீனாவின் ஆனிக்ஸும் உடனே கருவிகளை வெளியிட்டன. முதல் கலைடோவில் வண்ணப் படத்தின் கூர்மை அங்குலத்துக்கு 100 புள்ளி. 2022-இல் வந்த ‘கலைடோ 3’ அதை 150 ஆக்கியது. கறுப்பு எழுத்துக்கு 300. நிறத்தின் செறிவும் முந்தைய தலைமுறையைவிட 30 விழுக்காடு கூடியதாக நிறுவனம் சொன்னது.

2010-இன் டிரைட்டான் காட்டிய நிறங்களின் எண்ணிக்கை 4,096. 2022-இன் கலைடோ 3 காட்டும் நிறங்களின் எண்ணிக்கையும் 4,096. மூன்று நிறக் கட்டங்களுக்கும் பதினாறு பதினாறு சாம்பல் அடுக்குகள் என்று பெருக்கினால் (16 × 16 × 16) வரும் எண் அது. பன்னிரண்டு ஆண்டில் மாறவில்லை. இரண்டு திரைகளையும் அருகருகே வைத்தால் ஒன்றை வாங்கலாம், இன்னொன்றை வாங்க மனம் வராது. விளம்பரத்தில் நிற எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டிருந்தால் வாங்குபவர் அதைக் கடந்து அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

அதே 2022 ஏப்ரலில் நான்கு சாயத் திரையின் புதிய தலைமுறையும் வந்தது. ‘கேலரி 3’-இல் வண்ணப் பக்கம் மாறும் நேரம், தரத்துக்கேற்ப அரை நொடி முதல் ஒன்றரை நொடி வரை எனச் சுருங்கியது. கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். கூர்மை, வண்ணத்துக்கும் அங்குலத்துக்கு 300 புள்ளி. தாளில் எழுதிப் பார்த்தால் இதுவே வெற்றியாளர். நடைமுறையில் அவ்வளவு சுலபமாக இல்லை. பாக்கெட்புக் இந்தத் திரையோடு ‘விவா’ என்ற கருவியை அறிவித்தது. சொன்ன நேரத்தில் அது கடைக்கு வரவில்லை. 2023-இல் சீனாவின் பிக்மி நிறுவனம் ‘கேலி’ என்ற எட்டு அங்குலக் கருவியை வெளியிட்டது. பெரிய அளவில் அந்தத் திரை மக்கள் கைக்கு வந்தது ரிமார்க்கபிள் பேப்பர் புரோ வழியாகத்தான். 11.8 அங்குலம், அங்குலத்துக்கு 229 புள்ளி. கேலரி 3-ஐ அடிப்படையாக வைத்துத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்ட ரிமார்க்கபிள், பேனா ஓடும்போது கோடு உடனே விழும்படியும், பக்கத்தின் நிறம் அதற்குப் பின்னே வந்து நிலைகொள்ளும்படியும் செய்தது. எழுதுபவருக்கு அந்தத் தயக்கம் பெரிதாக உறைக்காது. வேகமாகப் பக்கம் புரட்டிப் படிப்பவருக்கு உறைக்கும்.

கோபோ கலைடோ 3-ஐ உள்ளபடியே எடுத்துக்கொண்டது. ஏழு அங்குல லிப்ரா கலரில் பேனாவால் அடிக்கோடு போடலாம், பக்கம் மாற்றப் பொத்தான் உண்டு. ஆறு அங்குல கிளாரா கலர் சிறியது, மலிவு. இவற்றைப் பழுது பார்ப்பதற்கான வழிகாட்டியையும் உதிரிப் பாகங்களையும் பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் வழியாகக் கிடைக்கச் செய்தது கோபோ எடுத்த நல்ல முடிவு. இந்தத் துறையில் மற்றவர்களும் பின்பற்ற வேண்டியது அது.

அமேசான் நெடுநாள் பொறுத்திருந்து வந்தது. கலர்சாஃப்ட்டிலும் உள்ளே இருப்பது வடிகட்டி வழிதான். ஆனால் திரையின் பின்தளத்தையும் முன்விளக்கையும் தாங்களே திருத்தி வடிவமைத்ததாகச் சொன்னார்கள். நிறம் அழுத்தமாகவும் தெரிகிறது. வெளியானபோது விலை 279.99 டாலராக இருந்தது, அதே நேரத்தில் வந்த கறுப்பு வெள்ளைப் பேப்பர்வைட்டின் விலை 159.99. கூடவே ஒரு குறையும் வந்து சேர்ந்தது. முதலில் வாங்கியவர்களில் பலருக்குத் திரையின் அடிவிளிம்பில் மஞ்சள் பட்டை ஒன்று தெரிந்தது. அமேசான் அதை ஒப்புக்கொண்டு, மாற்றிக் கொடுத்து, பின்னால் தயாரித்தவற்றில் சரிசெய்தது. வெள்ளை எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்பதை வாசகர்கள் எத்தனை உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள் என்பதற்கு அந்த மஞ்சள் பட்டை போதிய சான்று.

ஆக, 2009-இல் தொடங்கிய நான்கு வழிகளில் அடுக்கும் பட்டாம்பூச்சியும் எண்ணெயும் போய்விட்டன. வடிகட்டி நின்றது, சாயக் கிண்ணம் பின்னால் வந்து சேர்ந்தது. கடையில் நிற்பவர் தேர்ந்தெடுப்பது உண்மையில் இவ்விரண்டிலிருந்துதான். பெட்டியின் மேலிருக்கும் நிறுவனப் பெயர் அதற்குப் பிறகு வருவது. வடிகட்டி வெளிச்சத்தைக் கேட்கிறது, சாயக் கிண்ணம் நேரத்தைக் கேட்கிறது. எதைக் கொடுக்க முடியும் என்பது எதைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

காமிக்ஸ், படக்கதை, குழந்தைகள் நூல், வரைபடமும் விளக்கப்படமும் நிறைந்த பாடநூல் ஆகியவற்றைப் படிப்பவர்களுக்குக் கலைடோ 3 உள்ள ஏழு அங்குலக் கருவி ஏற்றது. ஆறு அங்குலத்தில் காமிக்ஸின் பேச்சுக் குமிழி எழுத்து நசுங்கிவிடும். படிக்கும்போது நாலு நிறத்தில் அடிக்கோடிட்டுக் குறிப்பெடுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் அதுவே போதும். பெரிய பிடிஎஃப் கோப்புகளில் கைப்பட எழுதித் திருத்துபவர்கள், வரைபவர்கள் பேப்பர் புரோவின் விலையைத் தாங்க முடிந்தால் அதற்குப் போகலாம்; ஆனால் அதைப் புத்தகக் கடையோடு இணைந்த இ-ரீடராக நினைத்து வாங்கக் கூடாது. வண்ணத்தில் வரும் வார இதழைப் பக்கத்துக்குப் பக்கம் பார்ப்பவருக்கு இன்றைக்கும் டேப்லெட்டே மேல்.

தமிழ் படிப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் எழுத்தில் சுழியும் புள்ளியும் அதிகம். ஞு, ணூ, ழு போன்ற எழுத்துகளும் மெய்யின் தலையில் நிற்கும் சிறு புள்ளியும் தெளிவாக இருக்கப் பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும். வடிகட்டித் திரையில் கறுப்பு எழுத்து 300 புள்ளிக் கூர்மையில் வந்தாலும், பக்கத்தின் மேல் மெல்லிய சல்லடை விரித்தாற்போன்ற ஒரு மணல்தன்மை இருக்கும். சிலருக்கு அது இரண்டு நாளில் பழகிவிடும். சிலருக்குப் பழகவே பழகாது. வாங்குமுன் வாய்ப்புக் கிடைத்தால் முன்விளக்கை முழுவதும் அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், சின்ன எழுத்தளவில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் காட்டும் வண்ண அட்டைப்படத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முன்விளக்கைக் கூட்டிவைக்காமல் படிக்க முடியவில்லை என்றால், சார்ஜ் சீக்கிரம் இறங்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நாவல், சிறுகதை, கட்டுரை என்று சொற்களை மட்டும் படிப்பவர்களுக்கு வண்ணக் கருவி தேவையில்லை. அட்டைப்படத்தை ஒருமுறை வண்ணத்தில் பார்ப்பதற்காக ஒவ்வொரு பக்கத்திலும் வெளிச்சத்தை இழப்பது நட்டக் கணக்கு. அவர்கள் 300 புள்ளிக் கறுப்பு வெள்ளைக் கருவியை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் புத்தகங்களை வாங்கட்டும்.